ஜாகுவார் மார்க் 2, 3.8: வாங்கும் முன் அந்த மூன்றாவது கார்புரேட்டரைப் பாருங்கள்

புதுப்பித்த ஜாகுவார் மார்க் 2 (அறுபதுகளின் கார், 3.8 லிட்டர் என்ஜின்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். அதே மாடல் காரைப் பல வருஷமாக இங்கிலாந்துக் குளிரில் வைத்து ஓட்டுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். 3,781 சிசி, 220 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. அதில் ஒருவரும் எழுதாத சாமான் ஒன்று உண்டு: குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப மட்டும் உள்ள ஸ்டார்ட்டிங் கார்புரேட்டர்.

இந்தக் காரில் கையால் இழுக்கும் சோக் கிடையாது. எஸ்யூ கம்பெனியின் இரண்டு கார்புரேட்டர்களோடு மூன்றாவதாகச் சின்னதாக ஒன்றை வைத்து, அதன் தலையில் ஒரு சாலினாய்டை (மின்சாரம் பாய்ந்தால் வால்வை இழுக்கும் காந்தச் சுருள்) மாட்டியிருக்கிறார்கள். தண்ணீர்ப் பாதையில் ஆட்டர் என்ற வெப்ப சுவிட்ச். என்ஜின் ஆறிக் கிடக்கும்போது அந்த சுவிட்ச் வழியாக சாலினாய்டுக்கு எர்த், அதாவது காரின் உடலோடு மின் இணைப்பு, கிடைக்கும்; வால்வு தட்டு எழும்பும்; கூடுதல் பெட்ரோலும் காற்றும் உஸ்ஸென்று சீறிக்கொண்டு உள்ளே போகும். தண்ணீர் சுமார் 35 டிகிரிக்கு வந்ததும் சுவிட்ச் விட்டு, சீறல் நிற்க வேண்டும்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். இது முழுக்கத் திறந்திருக்கும், இல்லாவிட்டால் முழுக்க மூடியிருக்கும். நடுவில் ஒன்றும் இல்லை. ஜனவரிக் காலையில் 35 டிகிரி என்பது என்ஜினுக்கு இன்னும் குளிர்தான். சட்டென்று பெட்ரோல் குறைந்ததும் முதல் சந்திப்பிலேயே இருமி நிற்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுவிட்ச் பழசாகி ஒட்டிக்கொண்டால்தான் பெரிய கேடு. என்ஜின் சூடான பிறகும் சீறிக்கொண்டே இருக்கும், பிளக் கரி பிடிக்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும். சூடான என்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் 40 பிஎஸ்ஐ ஆயில் அழுத்தம் காட்ட வேண்டியது, முள் கீழேயே படுத்துக்கிடக்கும். பேரிங் போய்விட்டது என்று என்ஜினை இறக்கச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. அதற்கு முன் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றிவிட்டு அப்புறம் பேசலாம்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது சுலபம். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆட்டர் சுவிட்சின் வயரைக் கழற்றுங்கள். சீறல் நின்றால் சுவிட்ச் கெட்டிருக்கிறது. நிற்காவிட்டால் தட்டு சரியாக உட்காரவில்லை. சாலினாய்டைக் கழற்றி, தட்டும் அது உட்காரும் இடமும் பளிச்சென்று ஆகும்வரை துடைக்க வேண்டும். கலவை சரி பார்க்க, சூடான என்ஜினில் சுவிட்ச் முனையை எர்த்தோடு தொடவைத்து சாலினாய்டை இழுக்கவைத்து, அட்ஜஸ்ட்மென்ட் திருகைத் திருப்புங்கள். புகை சற்றுக் கறுப்பாக வரலாம், ஓட்டம் தடுமாறக் கூடாது.

நிரந்தரத் தீர்வு, ஆட்டர் சுவிட்சுக்குப் போகும் வயரை டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சாதாரண சுவிட்சுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து எர்த்துக்கு விடுவது. கூடவே ஒரு சின்ன விளக்கு மாட்டுங்கள், அணைக்க மறக்காமல் இருக்க. எல்இடி போடுவதானால் கவனம்: மார்க் 2 ஃபேக்டரியிலிருந்து பாசிடிவ் எர்த்தோடு (பேட்டரியின் பிளஸ் முனை காரின் உடலோடு இணைந்திருக்கும்) வந்த கார், வயரை மாற்றிக் கொடுத்தால் எரியாது. ஆல்டர்னேட்டர் போட்டு நெகடிவ் எர்த்துக்கு மாற்றிய கார்களும் நிறைய ஓடுகின்றன, முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

இவ்வளவு மலிவான வேலையைப் பல புதுப்பிப்பாளர்கள் செய்வதில்லை. வால்நட் பலகைக்கு வார்னிஷ், பம்பருக்குக் குரோம், சீட்டுக்குப் புதுத் தோல். பானெட்டைத் திறந்தால் அதே பழைய ஆட்டர் சுவிட்ச். படத்தில் தெரியாத வேலைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை போலிருக்கிறது.

மற்றபடி இந்த என்ஜினைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து அழுத்தினால் தடையே இல்லாமல் ஒரே சீராக இழுத்துக்கொண்டு போகும். அந்த வயசுக் காரில் இப்படி ஒரு மென்மையை நான் வேறெதிலும் பார்க்கவில்லை. பிரேக்கும் நம்பிக்கையானது. ஹேண்ட்பிரேக் மட்டும் சரிவில் நம்பத் தக்கதல்ல, கியரில் போட்டு நிறுத்துங்கள். 1965க்கு முந்திய மாஸ் (Moss) கியர்பாக்சில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு, இல்லை, கார் முழுக்க நின்ற பிறகுதான் அதில் போட வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கத்தில் ஆயிலைத் தடுக்கும் கயிற்று சீல் கொஞ்சம் ஒழுகும். அதை மாற்ற கிராங்கையே எடுக்க வேண்டியிருப்பதால், சொட்டுச் சொட்டாக ஒழுகினால் விட்டுவிடுங்கள்.

காரைப் பார்க்கப் போகும்போது பெயின்டை விட்டுவிட்டுக் கீழே படுத்துப் பாருங்கள். பின் ஸ்பிரிங் பொருந்தும் இடம், பின் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடின் பிராக்கெட், ஜாக் வைக்கும் இடம், இவற்றில் துரு இருந்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம். ஸ்டீயரிங் வலப்பக்கம் உள்ள 3.8 காரின் சேஸிஸ் எண் 200001இலிருந்து தொடங்கும். 1 என்று தொடங்கினால் அது 2.4 அல்லது 3.4 பாடியில் 3.8 என்ஜின் வைத்தது, அதற்கு 3.8 விலை கொடுக்காதீர்கள்.

நண்பருக்கு என் பதில்: விற்பவர் என்ஜினைச் சூடாக்கி வைத்துக்கொண்டு உங்களை வரவேற்றால் வாங்காதீர்கள், ஸ்டார்ட்டிங் கார்புரேட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அப்போது முழுசாகப் பார்க்க முடியாது. அந்த எரிச்சலில் இருக்கிறேன், அதனால் இப்படித்தான் சொல்ல முடியும். முந்தின ராத்திரியே சொல்லி வையுங்கள், நான் வந்து பானெட்டைத் தொட்டுப் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று.