ஜிடி86: 18 அங்குலத்திலிருந்து 17-க்குத் திரும்பினேன்

ஆறு வருடமாக டொயோட்டா ஜிடி86 ஓட்டுகிறேன். இதுவரை மூன்று செட் சக்கரம் மாற்றியாகிவிட்டது: காரோடு வந்த 17×7 (ரிம் விட்டம் 17 அங்குலம், அகலம் 7 அங்குலம்), பிறகு ஆசைப்பட்டு வாங்கிய 18×8.5, இப்போது 17×8. மூன்றில் பார்க்க அழகானது அந்த 18தான். ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டுக் கழற்றினேன், அதில் வருத்தமே இல்லை.

காரோடு வந்த டயர் 215/45 ஆர்17 (அகலம் 215 மி.மீ., சைட்வால் எனும் பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம்), மிஷ்லின் பிரைமசி ஹெச்பி. சாதாரணக் கார்களுக்கான அமைதியான டயர். பின்பக்கம் லேசாக வழுக்கி விளையாட இடம் இருக்கட்டும் என்றே இந்தக் காருக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அது தேய்ந்து முடிந்தபோது எனக்கு இன்னும் பிடிமானம் வேண்டும் என்று தோன்றியது. தப்பு அங்கேதான் நடந்தது. அதே ரிம்மில் நல்ல கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் போட்டிருந்தாலே போதும். நான் டயரை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பெரிதாக்கினேன்.

225/40 ஆர்18 போட்டதும் சைட்வால் உயரம் 97 மி.மீ.-இலிருந்து 90-க்கு வந்தது. ஏழு மி.மீ.தானே என்று நினைத்தேன். ஒவ்வொரு பாலத்தின் இணைப்பிலும் அந்த ஏழு மி.மீ. தெரிந்தது. எடையும் கூடிவிட்டது. டயரோடு வீட்டு எடை மெஷினில் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றும் பழையதைவிட ஏறக்குறைய இரண்டரை கிலோ அதிகம். அந்த எடையில் பெரும்பகுதி ரிம் ஓரத்திலும் டயரிலும், அதாவது மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. அதைச் சுழற்றவும் சக்தி வேண்டும், நிறுத்தவும் சக்தி வேண்டும். மொத்த விட்டமும் 625 மி.மீ.-இலிருந்து 637 ஆனதால் கியர் விகிதம் கிட்டத்தட்ட இரண்டு சதவீதம் நீண்டது போல ஆனது. டர்போ இல்லாத இரண்டு லிட்டர் எஞ்சினில் இரண்டாவது கியரிலேயே அந்தச் சோம்பல் தெரியும்.

ஆனால் என்னை அதிகம் படுத்தியது ஆஃப்செட், அதாவது ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் மையப் பகுதி) பொருந்தும் ரிம்மின் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற அளவு. பலர் அகலத்தை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். கணக்கு எளிது. ரிம் அகலத்தில் பாதியை மி.மீ.-ஆக மாற்றுங்கள். அதிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால், ஹப் முகத்திலிருந்து ரிம் வெளியே எவ்வளவு நீட்டும் என்று தெரியும். கூட்டினால் உள்ளே எவ்வளவு போகும் என்று தெரியும். ஒரிஜினல் 17×7, ஆஃப்செட் 48: வெளியே 41, உள்ளே 137. நான் வாங்கிய 18×8.5, ஆஃப்செட் 35: வெளியே 73, உள்ளே 143. ஆக, ஒரு பக்கத்துக்கு 32 மி.மீ. வெளியே தள்ளிவிட்டேன்! 25 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்கும் போட்டிருந்ததால், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி மேடேறும்போதெல்லாம் டயர் ஃபெண்டர் லைனரில் (சக்கரக் குழியின் உள்ளுறை) உரசியது. டயரின் மையக்கோடு 13 மி.மீ. வெளியே போனதால் ஸ்டீயரிங்கின் குணமும் மாறிப்போனது. சாலையில் லாரிகள் பதித்த தடத்தை முன்சக்கரம் பிடித்துக்கொண்டு ஓடும், பாதி பள்ளத்தில் பிரேக் அடித்தால் கையை இழுக்கும். இந்தக் காரை வாங்கியதே அதன் ஸ்டீயரிங்குக்காக. அதைக் கெடுத்துக்கொண்டு ஓட்ட மனம் வரவில்லை.

ஒரு மழை இரவில் தண்ணீர் நிரம்பிய குழியில் முன் இடது ரிம் வளைந்தது. அதோடு முடிவு செய்தேன்.

இந்த முறை டயரிலிருந்து தொடங்கினேன். 225/45 ஆர்17-இல் நல்ல டயர்கள் நிறையக் கிடைக்கின்றன, விலையும் 18-ஐவிடக் குறைவு. விட்டம் 634 மி.மீ., ஒரிஜினலைவிட 1.4 சதவீதம் அதிகம். ஓடோமீட்டர் 10,000 காட்டும்போது கார் உண்மையில் சுமார் 10,140 ஓடியிருக்கும், அவ்வளவுதான். ஸ்பீடோமீட்டர் பொதுவாக உண்மையைவிடக் கூட்டியே காட்டுவதால் அந்தப் பக்கமும் தொல்லை இல்லை. அதற்கு ஏற்ற ரிம் 17×8, ஆஃப்செட் 45. வெளியே 57, உள்ளே 147. முன்பு தள்ளியதில் பாதிதான் வெளியே வருகிறது. உள்ளே பத்து மி.மீ. கூடினாலும் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் இடிக்கவில்லை. லைனரிலும் உரசல் இல்லை. லோடு இன்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) 87-க்குக் கீழே போகக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். 225/45-இல் 91 கிடைத்தது, அதாவது ஒரு டயருக்கு 615 கிலோ.

பொருத்தும் விஷயத்தில் இரண்டு சின்ன விஷயம். பிசிடி 5×100 (ஐந்து போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ.) என்பதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். சென்டர் போர், அதாவது ரிம்மின் நடு ஓட்டை, 56.1 மி.மீ. என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். வெளிச்சந்தை ரிம்மில் ஓட்டை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் கட்டாயம் போடுங்கள். நான் முதல் செட்டில் போடாமல், 100-க்கு மேலே ஸ்டீயரிங் நடுங்கியதற்கு மூன்று முறை பேலன்சிங் செய்தேன். அப்புறம் நட். இதில் எம்12×1.25 மரை (12 மி.மீ. போல்ட், மரை இடைவெளி 1.25 மி.மீ.), மற்ற பல டொயோட்டாக்களில் வரும் 1.5 இதில் ஏறாது. டார்க் ரெஞ்ச்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்குகிறேன், 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை பார்ப்பேன்.

இப்போது 17×8-இல் நான்கு வருடம் ஆகிறது. வளைவில் பிடிமானம் 18-இல் இருந்ததைவிடக் குறையவில்லை. பிடி விடும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டு, மெதுவாக விடுகிறது. பின்டயர்களில் பள்ளம் 3 மி.மீ.-க்கு வந்துவிட்டது. அடுத்த செட்டும் இதே அளவுதான். மழைக்கு இன்னும் கொஞ்சம் நல்ல டயராகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.