பீர் சோப்பு: சில வருடப் புழக்கத்தில் தெரிந்தவை

வீட்டில் கோல்டு பிராசஸ் முறையில், அதாவது எண்ணெயோடு காஸ்டிக் சோடாக் கரைசலைக் கலந்து, அடுப்பில் வேகவைக்காமல் சோப்பு போடுகிறவர்கள் ஒரு கட்டத்தில் தண்ணீருக்குப் பதிலாக வேறு எதையாவது ஊற்றிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். தேங்காய்ப்பால், ஆட்டுப்பால், கற்றாழைச் சாறு என்று போகிற அந்த வரிசையில் பீரும் உண்டு. நான் பீர் ஊற்ற ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் வீட்டில் குளிக்கிற சோப்பு இப்போது பெரும்பாலும் இதுதான். பீர் சோப்பைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதி உண்மை, பாதி விளம்பரம். எது எந்தப் பக்கம் என்று, புழங்கிப் பார்த்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கிற கேள்வி: பீர் வாடை அடிக்குமா? அடிக்காது. வெட்டிய புதிதில் வறுத்த தானியம் மாதிரி ஒரு வாசம் இருக்கும், கூடவே லேசான நெடியும் இருக்கலாம். ஒன்றரை மாதம் அலமாரியில் காய்ந்த பிறகு மூக்கோடு வைத்து முகர்ந்தாலும் பீர் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. போதைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பீரைக் கொதிக்க வைத்துத்தான் சேர்க்கிறோம் என்பதால் ஆல்கஹால் பெரும்பாலும் அடுப்பிலேயே போய்விடுகிறது. என் அத்தை இதைக் கேட்ட பிறகுதான் சோப்பைக் கையில் எடுத்தார். இப்போது தீர்ந்தால் முதலில் கேட்பவர் அவர்தான்.

சரி, பீர் என்னதான் செய்கிறது? நுரை. என் கணக்கில் அதன் முக்கிய வேலை அது ஒன்றுதான். பார்லியை முளைக்க வைத்து எடுக்கிற மால்ட்டில் இருந்து வரும் சர்க்கரைப் பொருட்களில் ஒரு பகுதி ஈஸ்ட் தின்றது போக பீரில் தங்கியிருக்கும். சோப்பு தண்ணீரில் சுலபமாகக் கரையவும் நுரை சீக்கிரம் எழவும் அந்த இனிப்புதான் உதவுகிறது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர். வாளியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிகிற அளவுக்குக் கடினம். அந்தத் தண்ணீரில் ஆலிவ் எண்ணெய் அதிகம் போட்ட சாதா சோப்பு திரிதிரியாகப் பிரிந்து நிற்கும். பீர் சேர்த்தது இரண்டு தேய்ப்பில் கெட்டியான, பொடிக் குமிழ்களாக நுரைக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை விடவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பீருக்குப் பதில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தாலும் நுரை கிட்டத்தட்ட இதே அளவு வரும். பீரில் கூடுதலாகக் கிடைப்பது நிறம். எந்தச் சாயமும் போடாமல் இளம் பழுப்பு வரும். கறுப்பான ஸ்டவுட் வகை பீர் என்றால் கருப்பட்டி நிறம் வரும். நுரையும் கொஞ்சம் வழவழப்பாக நிற்கிறது என்று என் கைக்குப் படுகிறது. நுரை மட்டும் போதும் என்பவர்கள் பாட்டிலைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பீரைத் தயார் செய்வதில்தான் எல்லாமே இருக்கிறது. பாட்டிலைத் திறந்து அப்படியே காஸ்டிக் சோடாவைக் கொட்டினால் பீரில் உள்ள கேஸ் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வெளியே வரும். பொங்கி வருவது காரக் கரைசல் என்பதால் இது விளையாட்டு இல்லை. ஆல்கஹால் மிச்சம் இருந்தால் கலவை கலக்கும்போதே திடுக்கென்று இறுகிவிடும், அச்சில் ஊற்றவே நேரம் இருக்காது. அதனால் முந்தின நாளே பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைப்பேன். சின்னப் பாத்திரம் ஆகாது, முதல் கொதியில் பால் பொங்குவதைவிட வேகமாக நுரை ஏறும். தீயைக் குறைத்துக் கொதிக்க விட்டால் பீரில் கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு வாசம் முதலில் கிளம்பும், அது அடங்கிய பிறகு மால்ட்டின் இனிப்பு வாசம் வரும். 650 மில்லி பாட்டில் 200 மில்லியாகச் சுண்டும்போது வைக்கோல் நிறம் போய் டிகாக்‌ஷன் நிறம் வந்திருக்கும், கரண்டியில் எடுத்தால் லேசாகப் பிசுபிசுக்கும். ஆறவைத்து ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.

பீர் கட்டிகள் மேல் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவது ஒரு முறை. அது வேலை செய்யும். ஆனால் பீரின் இனிப்பும் காஸ்டிக்கும் சேர்ந்த சூட்டில் கரைசல் கரும் ஆரஞ்சாக மாறும், மூக்கைத் துளைக்கும் ஒரு நெடியும் கிளம்பும். எனக்குப் பிடித்தது பாதிப் பாதி முறை. காஸ்டிக்கை அதன் எடைக்குச் சமமான காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து ஆறவைத்துவிட்டு, சுண்டிய பீரை எண்ணெயோடு சேர்ப்பது. சமத்துக்குச் சமம் கரைத்த கரைசல் குளிர்ந்த இடத்தில் உறையப் பார்க்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது அது. நம் சமவெளிச் சூட்டில் அந்தக் கவலை இல்லை.

நான் போடுகிற அளவு: தேங்காய் எண்ணெய் 200 கிராம், ஆலிவ் எண்ணெய் 250 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், காஸ்டிக் சோடா 73 கிராம், தண்ணீர் 73 கிராம், சுண்டிய பீர் 75 கிராம். இதில் எண்ணெயில் 5 சதவீதம் சோப்பாக மாறாமல் மிஞ்சும், சருமம் வறளாமல் இருக்க அது வேண்டும். எண்ணெயை மாற்றினால், எந்த எண்ணெய்க்கு எவ்வளவு காஸ்டிக் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் லை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து காஸ்டிக் அளவையும் மாற்றியே ஆகவேண்டும். திரவம் உட்பட எல்லாம் டிஜிட்டல் தராசில், கிராமில். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரை அதன் மேல் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் கிட்டவே வரக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குக் கையுறை கட்டாயம்.

எண்ணெய், பீர், காஸ்டிக் கரைசல் எல்லாம் கை பொறுக்கும் இளஞ்சூட்டில் இருக்கும்போது ஹேண்ட் பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டினால் போதும், டிரேஸ், அதாவது கலவை கூழ் மாதிரி கெட்டிப்படும் பதம், சீக்கிரமே வந்துவிடும். கிராம்பு, பட்டை எண்ணெய் போன்றவை அதை இன்னும் வேகப்படுத்தும் என்பதால் நான் லெமன்கிராஸோடு நிறுத்திக்கொள்கிறேன். அச்சில் ஊற்றியதும் துண்டு போட்டு மூடும் பழக்கம் இதற்கு வேண்டாம். சர்க்கரை இருப்பதால் உள்ளே தானாகவே சூடு ஏறும். சில நேரம் மேற்புறம் வெடிக்கும், சில நேரம் வெட்டிப் பார்த்தால் நடுவில் மட்டும் கரிய வட்டம் தெரியும். குணம் கெடாது, பார்வைக்குத்தான் சரியாக இருக்காது. ஊற்றிய கையோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரே சீரான வெளிர் நிறம் கிடைக்கும்.

பல மாதங்கள் வைத்திருந்து பார்த்ததில் தெரிவது இது. சாதா சோப்பைவிட இது காய நாள் எடுக்கிறது. நாலு வாரத்தில் உபயோகிக்கலாம், ஆனால் ஆறு, எட்டு வாரம் விட்டால் நுரையும் கெட்டித்தன்மையும் வேறு ரகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே முத்து முத்தாக வியர்க்கும். அது கெட்டுப்போனதல்ல, சோப்பில் இருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதுதான் காரணம். துடைத்துவிட்டு, காற்றோட்டமான கூடையில் வைத்தால் சரியாகிவிடும். ஒரு வருடத்துக்கு மேல் வைத்தவற்றில் எண்ணெய் சிக்குப்பிடித்து ஆரஞ்சுப் புள்ளி வந்ததும் உண்டு. சூரியகாந்தி எண்ணெய் கலந்தவற்றில்தான் அது அதிகம். நுரை சுலபமாக வருகிற சோப்பு கரைவதும் சுலபம், அதனால் தண்ணீர் தேங்காத, ஓட்டை உள்ள சோப்புப் பெட்டி அவசியம்.

இனி விளம்பரப் பக்கம். பீரில் உள்ள பி வைட்டமின் சருமத்தைப் பளபளக்க வைக்கும், ஹாப்ஸ் பருவைப் போக்கும் என்றெல்லாம் சொல்கிறார்கள். கொதித்து, காரத்தில் வெந்து, பிறகு ஒரு நிமிடத்தில் கழுவிவிடுகிற பொருளில் இருந்து அதையெல்லாம் நான் எதிர்பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் பரு இதனால் போகவில்லை, வரவும் இல்லை. பார்லி, கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்க மாட்டேன்.

தலைக்குப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள், பீர் ஷாம்பு கேள்விப்பட்டிருப்பதால். எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்த எந்தச் சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான், பீர் ஊற்றியதால் அது மாறாது. போர் தண்ணீரில் இதைத் தலைக்குத் தேய்த்தால் முடியில் மெழுகு மாதிரி பிசுக்குப் படிகிறது, சீப்பில் ஒட்டுகிறது. தலைக்குச் சீயக்காயே போதும்.

டாஸ்மாக் பக்கம் போக விருப்பமில்லாதவர்கள் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் ஆல்கஹால் இல்லாத பீரை உபயோகிக்கலாம், அதையும் கொதிக்க வைத்துக் கேஸைப் போக்க வேண்டும். ஆப்பிள், எலுமிச்சை வாசம் போட்ட இனிப்பு மால்ட் பானங்களை எடுக்காதீர்கள். அவற்றில் சர்க்கரை மிக அதிகம், அச்சிலேயே சூடேறிப் பொங்கி வழியும்.