சொல் கணக்கா, நேரக் கணக்கா, கெடுவா?

எழுத நினைப்பவர்களிடம் ஆசைக்குப் பஞ்சமில்லை. ஆசை இருந்தும் உட்கார முடியவில்லை என்பதுதான் புகார். ஆகவே ஊக்கம் எங்கிருந்து வரும் என்று தேடுவதை விட்டுவிட்டு, நாளைக்கு நம்மை மேசைக்கு இழுத்து வரப்போவது எது என்று பார்ப்பது பயன்தரும். நடைமுறையில் மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒரு நாளைக்கு இத்தனை சொல் என்பது ஒன்று. இத்தனை நிமிடம் என்பது இன்னொன்று. இந்தத் தேதிக்குள் இவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது மூன்றாவது. தொடங்க முடியாதவர், தொடர முடியாதவர், முடிக்க முடியாதவர் மூவருமே "எனக்கு ஊக்கமில்லை" என்றுதான் சொல்கிறார்கள். மூவரின் சிக்கலும் வேறு என்பதால், ஒருவருக்குக் கைகொடுத்த வழி அடுத்தவரிடம் பலிப்பதில்லை.

மனநிலை கூடிவரட்டும் என்று காத்திருப்பதையும் ஒரு வழியாகச் சிலர் சொல்வார்கள். அதை நீளமாக அலச வேண்டியதில்லை. உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில், பேராசிரியர்களில் ஒரு குழு கட்டாயத்தின்பேரில் எழுதியது, ஒரு குழு தோன்றியபோது எழுதியது, ஒரு குழு எழுதாமல் நிறுத்தி வைக்கப்பட்டது. கட்டாயக் குழு அதிகப் பக்கம் எழுதியதில் வியப்பில்லை. புது யோசனைகளும் அவர்களுக்கே அதிகம் வந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. எழுதாமல் இருந்தவர்களுக்கு மிகக் குறைவு.

சொல் கணக்கு

இதன் பலம், வேலை முடிந்ததா இல்லையா என்பதில் மழுப்ப இடமில்லாதது. 200 என்றால் 200. நீண்ட படைப்பின் முதல் வரைவுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது எண்ணைத் தேர்ந்தெடுப்பதில். ஆங்கில வழிகாட்டிகளில் வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். 1999இல் தொடங்கிய நானோரைமோ என்ற நாவல் எழுதும் சவாலில் நவம்பர் மாதம் முழுக்க எழுதி 50,000 சொல்லை எட்ட வேண்டியிருந்தது, நாளுக்கு 1,667. ஆனால் தமிழ் ஒட்டுநிலை மொழி. "வீட்டிலிருந்துதான்" என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் மூன்று நான்கு ஆகிவிடும். அந்த 1,667 சொல்லில் அடங்கும் விஷயத்தைச் சொல்ல நமக்கு ஏறக்குறைய 1,100 போதும். இது தெரியாமல் 1,667க்கு மல்லுக்கட்டுபவர் பத்தாம் நாளில் தன் சோம்பலைத்தான் நொந்துகொள்வார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. "வந்துகொண்டிருந்தான்" என்பதைப் பிரித்து எழுதினால் கணக்கு இரண்டாகிவிடும். எப்படி எழுதினாலும் சரி, நடுவில் மாற்றாதீர்கள்.

உங்களுக்கான எண்ணை இப்படிக் கண்டுபிடிக்கலாம். ஏழு நாள் இலக்கு எதுவும் வைக்காமல் எழுதி, தினமும் கிடைத்த எண்ணைக் குறியுங்கள். 0, 120, 180, 260, 310, 340, 900 என்று வந்ததாகக் கொள்வோம். சராசரி எடுத்தால் 301. அந்த 900 என்ற ஒற்றை நல்ல நாள் ஏற்றிவிட்ட எண் அது. நடு எண்ணான 260ஐ எடுத்து அதில் பாதியை இலக்காக வையுங்கள்: 130. அற்பமாகத் தெரியும். வாரம் ஐந்து நாள் என்றால் ஆண்டுக்கு 33,800 சொல், ஒரு சிறிய நாவலின் முதல் வரைவு. மோசமான நாளிலும் எட்டக்கூடியதாக இருப்பதுதான் இலக்கின் வேலை. நல்ல நாளுக்கு இலக்கே தேவையில்லை.

உச்சவரம்பும் ஒன்று வேண்டும். இலக்கைப்போல் மூன்று மடங்கைத் தொட்டதும், அடுத்த காட்சி மனதில் தெளிவாக இருக்கும்போதே எழுந்துவிடுங்கள். ஒரே நாளில் 2,000 சொல் கொட்டித் தீர்த்தவர் மறுநாள் வெறுங்கையோடு உட்காருவார். ஆரம்பசூரத்தனம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது.

கெடுவது எங்கே? முதலாவது, பாக்கி. திங்கள் விட்டதைச் செவ்வாயில் சேர்த்து, செவ்வாயும் விட்டுப்போனால் புதன்கிழமை 390 சொல் கடனோடு விடியும். கடன்காரனைக் கண்டு ஒளிவதைப் போல ஆள் கோப்பைத் திறக்கவே தயங்குவார். விட்டது விட்டதுதான், மறுநாளும் 130 மட்டுமே. இரண்டாவது, ஒப்பேற்றல். கணக்குக்காக உரையாடல் வீங்கும், வானிலை வர்ணனை நீளும். முதல் வரைவில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது பொறுக்க முடியாதது: திருத்தும் கட்டத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. 400 சொல்லை வெட்டி எறிந்த சிறப்பான நாள் ஏட்டில் தோல்வியாகப் பதிவாகும். கவிதை எழுதுபவர்களுக்கு இந்த வழி எந்தக் கட்டத்திலும் உதவாது.

நேரக் கணக்கு

இங்கே எவ்வளவு எழுதினோம் என்ற கேள்வியே இல்லை, உட்கார்ந்தோமா என்பதுதான். அதனால் வெற்றுத்தாளைக் கண்டு மிரள்பவருக்கும், திருத்தத்தில் இருப்பவருக்கும், கவிஞருக்கும் இது பொருந்தும். பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் வகுத்த பொமடோரோ முறையில் 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்றுக்குப் பிறகு நீண்ட இடைவேளை. எழுத்துக்கு இதில் ஒரு குறை உண்டு. புனைவில் மனம் இறங்கவே பத்து, பதினைந்து நிமிடம் பிடிக்கும். வேகம் கூடும்போது மணி அடித்துவிடும். தொடக்க வாரங்களுக்கு 25 சரி. பழகிய பின் 45க்குப் போவது நல்லது.

நேரக் கணக்கை ஏமாற்றுவது மிக எளிது, அதுவும் நமக்கே தெரியாமல். எழுத்துருவை மாற்றுவது, அத்தியாயத் தலைப்புகளை அழகுபடுத்துவது, ஒரு தேதியைச் சரிபார்க்க இணையத்துக்குப் போய் 40 நிமிடம் கழித்துத் திரும்புவது எல்லாமே "எழுத்து வேலை" என்ற பெயரில் நேரத்தைத் தின்னும். ஆகவே விதி இரண்டே வரி: இந்த நேரத்தில் எழுதலாம், அல்லது சும்மா இருக்கலாம். வேறு எதுவும் கூடாது. தகவல் தேவைப்பட்டால் சதுர அடைப்புக்குறிக்குள் "ஆண்டு பார்க்க" என்று எழுதிவிட்டு நகருங்கள். அந்தக் குறிகளைத் தேடி நிரப்ப வாரத்தில் தனியாக ஒரு மணி நேரம் போதும்.

எப்போது உட்காருவது என்பதில் துல்லியம் வேண்டும். "காலையில் எழுதுவேன்" என்பது எண்ணம்தான், திட்டமில்லை. "பல் துலக்கியதும் மேசைக்கு வந்து, நேற்று எழுதிய கடைசிப் பத்தியைக் கையால் ஒருமுறை படியெடுப்பேன்" என்பது திட்டம். இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன் என்ற இந்த வடிவத்தை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நீண்ட காலம் ஆராய்ந்தவர். 2006இல் பாஸ்கல் ஷீரனுடன் சேர்ந்து 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் எண்ணத்தைவிட இது தெளிவாகவே பலன் தந்திருந்தது. படியெடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: யோசிக்காமல் செய்யக்கூடிய வேலை அது. கை ஓட ஆரம்பித்தபின் அடுத்த வாக்கியம் அவ்வளவு பயமுறுத்தாது.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பதை நம்பி 22ஆம் நாள் சோர்ந்துபோகாதீர்கள். பிலிப்பா லாலியும் குழுவினரும் லண்டனில் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் நிலைக்கு வரப் பிடித்த காலத்தின் நடு அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் 18லிருந்து 254 வரை மாறியது. அவர்கள் செய்ததெல்லாம் தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்ற எளிய வேலைகள். எழுத்துக்கு இன்னும் கூடுதலாகவே ஒதுக்கி வையுங்கள். ஒருநாள் தவறியது அவர்களைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

நேரம் நிலையாக இல்லாதவருக்கு, அதாவது பணிநேரம் மாறிக்கொண்டே இருப்பவருக்கும் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும், இந்த வழி சரிப்படாது. அவர்களுக்குச் சொல் கணக்குதான். 130 சொல்லைக் கைப்பேசியில், இரண்டு தவணையாகக்கூட எழுதிவிடலாம்.

கெடு

முடிக்க முடியாதவருக்கான வழி இது. நாமே வைக்கும் கெடு ஓரளவு வேலை செய்யும், பிறர் வைப்பது கூடுதலாகச் செய்யும். டான் ஏரியலியும் கிளாஸ் வெர்ட்டன்பிராக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் மெய்ப்புத் திருத்துபவர்களுக்கு மூன்று பிரதிகளைக் கொடுத்தார்கள். சம இடைவெளியில் கெடு விதிக்கப்பட்டவர்கள் அதிகப் பிழை கண்டுபிடித்தார்கள். தாமே கெடு வைத்துக்கொண்டவர்கள் அடுத்து. எல்லாவற்றையும் கடைசி நாளில் தரலாம் என்று விடப்பட்டவர்கள் கடைசி. ஆகவே "டிசம்பருக்குள் நாவல்" என்பது கெடுவே ஆகாது. இரு வாரத்துக்கு ஒருமுறை ஓர் அத்தியாயம் என்று நறுக்கி, தேதிகளை நீங்கள் வைக்காமல் எதிராளியிடம் விட்டுவிடுங்கள்.

அந்த எதிராளி யார் என்பதில்தான் பாதி வெற்றி. உற்ற நண்பர் வேண்டாம், "பரவாயில்லை, மெதுவா குடு" என்று தேதியைத் தளர்த்திவிடுவார். இரண்டு எழுத்தாளர்கள் ஒருவருக்கொருவர் கெடு வைத்துக்கொள்வதும் ஆபத்து. ஒருவர் தவறினால் மற்றவருக்கு அதுவே சாக்கு. படிக்கும் ஆர்வமுள்ள, கொஞ்சம் கறாரான, எழுதாத ஒருவர் சிறந்தவர். அவரிடம் போக வேண்டியது பக்கங்கள். "எழுதிட்டிருக்கேன்" என்ற தகவல் கணக்கில் வராது. அவரிடமிருந்து திரும்ப வேண்டியதும் மூன்று பதில் மட்டுமே: எங்கே சலித்தது, எங்கே புரியவில்லை, அடுத்து என்ன தெரிய வேண்டும். அரைகுறை வரைவுக்கு முழு விமர்சனம் கேட்டால் அடுத்த அத்தியாயம் வராது.

"நாவல் எழுதுகிறேன்" என்று ஊரறிய அறிவிப்பது கெடுவைப்போலத் தோன்றும், ஆனால் விளைவு எதிராகலாம். கோல்விட்சர் குழுவின் 2009 ஆய்வில், தாம் ஆக விரும்பும் அடையாளம் குறித்த எண்ணத்தைப் பிறர் கவனித்துவிட்டால் முயற்சி குறைந்தது. எழுதாமலே எழுத்தாளர் என்ற நிறைவு கிடைத்துவிடுகிறது.

பரிசும் தண்டமும்

பாய்ஸ் ஆய்வின் கட்டாயம் என்பது, எழுதாவிட்டால் தனக்குப் பிடிக்காத அமைப்புக்குத் தன் பணம் போய்ச்சேரும் என்ற ஏற்பாடு. அளவைக் கூட்ட இது உதவும். மறுபுறம், தெரசா அமபிலி 1985இல் 72 இளம் எழுத்தாளர்களிடம் நடத்திய சோதனையில், பணம், புகழ் போன்ற வெளிக்காரணங்களைச் சில நிமிடம் எண்ணிப்பார்த்த பிறகு எழுதப்பட்ட கவிதைகளின் படைப்புத்திறம் குறைந்திருந்தது. தேங்கிக் கிடக்கும் முதல் வரைவை நகர்த்த இரண்டு மூன்று வாரம் தண்டம் வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

மாற்றும் நேரம்

மூன்றையும் ஒரே நாளில் கட்டிக்கொள்வதுதான் நாங்கள் அடிக்கடி காணும் தவறு. 45 நிமிடமும் ஆயிற்று, 130 சொல் வரவில்லை என்றால் அந்த நாள் வெற்றியா தோல்வியா? ஒரு நேரத்தில் ஒரு கணக்கு போதும். முதல் இரண்டு மாதம் நேரம்; வரைவு ஓட ஆரம்பித்ததும் சொல்; கதை முக்கால்வாசி தாண்டியதும் கெடு; திருத்தத்துக்கு மறுபடி நேரம். ஒரு வழியில் பத்து நாளில் ஆறு நாள் தவறினால் முதலில் அளவைப் பாதியாக்குங்கள், 130ஐ 65 ஆக, 45 நிமிடத்தை 20 ஆக. அடுத்த பத்து நாளும் அப்படியே போனால் வழியை மாற்றுங்கள். மாற்றியும் ஒன்றும் நகரவில்லையென்றால், எழுதும் பொருளிலேயே கோளாறு இருக்கலாம். அந்தக் கோப்பை மூடிவிட்டு, வேறொன்றை 20 நிமிடம் எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.