அடைமழைக் காலத்துக்கு எது: ஏசியின் டிரை மோடா, டீஹியூமிடிஃபையரா?

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் சென்னை வீடுகளில் உப்பு ஜாடி நீர்த்துவிடும், பீரோவுக்குள் பட்டுப்புடவை பூஞ்சை வாடை அடிக்கும், கொடித்துணி இரண்டு நாளானாலும் காயாது. அப்போதுதான் பலரும் கேட்கிறார்கள்: ஏற்கெனவே ஏசி இருக்கிறதே, அதில் ஈரம் குறைக்கும் டிரை மோடும் இருக்கிறது, காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபையர் தனியாக எதற்கு? அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது.

எதையும் வாங்குமுன் சில நூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பதமானி வாங்கி அறையில் வையுங்கள். அளவு 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 50-ஐ ஒட்டி இருந்தால் கவலை இல்லை.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதப் புழுக்க இரவுகளில் ஏசியே போதும். அறை 30 டிகிரியில் இருக்கும்போது கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், உள்ளே இருக்கும் குளிர்ந்த உலோகக் குழாய்ச் சுருளில் (காயில்) ஈரம் படிந்து குழாய் வழியே வெளியே போய்விடும். நவம்பர் மழையில் கதை வேறு. அறையே 25, 26 டிகிரிதான். ஏசி கொஞ்ச நேரத்தில் வேண்டிய குளிரை எட்டிக் கம்ப்ரஸரை நிறுத்திவிடுகிறது. அதன்பின் உள்விசிறி சுற்றிக்கொண்டிருந்தால், காயிலில் ஒட்டியிருக்கும் நீர் ஆவியாகி மறுபடி அறைக்கே திரும்பும். டிரை மோடிலும் பெரும்பாலான ஏசிகள் வெப்பநிலையைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே 75 சதவீத ஈரப்பதத்தில் படுத்திருப்போம்.

டீஹியூமிடிஃபையர் ஈரப்பதத்தைப் பார்த்து ஓடுகிறது. 50 என்று வைத்தால் அதை எட்டும்வரை விடாது. துணி காயப்போடும் அறைக்கு இதைவிட நல்லது கிடையாது. கதவைச் சாத்தி, துணி மேல் ஒரு டேபிள் ஃபேனையும் ஓடவிட்டால் மாலையில் போட்டது காலையில் மடிக்கத் தயார்.

ஆனால் இது அறையைச் சூடாக்கும். 300 வாட் கருவி 8 மணி நேரத்தில் 4 லிட்டர் நீர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் 2.4 யூனிட். ஆவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் லிட்டருக்குச் சுமார் 0.7 யூனிட். இரண்டும் சேர்ந்தால் அறைக்குள் 650 வாட் ஹீட்டர் ஓடுவது போலத்தான். மழைநாளில் அது உறுத்தாது. மே மாதத்தில் தாங்காது. அதனால் ஏசி உள்ள வீட்டில் இதன் வேலை மழைக்கால மாதங்களோடு சரி.

அட்டைப்பெட்டியில் "20 லிட்டர்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்தது. நம் வீட்டு மழைநாளில் அது பாதியாகவும் குறையலாம். சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் குட்டி பெல்டியர் கருவிகளை (கம்ப்ரஸர் இல்லாமல் சிறு மின்தகட்டால் குளிரூட்டுபவை) வாங்கவே வேண்டாம். நாளுக்குச் சில நூறு மில்லிதான் எடுக்கும். ஒரு லோடு ஈரத்துணியில் மட்டுமே 2 லிட்டர் தண்ணீர் இருக்குமே. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்குக் ஏசி போலக் குளிர்ந்த காயிலால் ஈரம் எடுக்கும் கம்ப்ரஸர் வகையே சரிவராது. குளிரில் காயிலில் பனி உறைந்துவிடும். அங்கே ஈரம் உறிஞ்சும் பொருளால் இயங்கும் டெசிகன்ட் வகை பாருங்கள்.

கால்சியம் குளோரைடு டப்பாக்கள் மூடிய பீரோவுக்கு மட்டும். அடியில் சேரும் திரவம் தோல் பையையும் இரும்பையும் அரிக்கும், சாயாத இடத்தில் வையுங்கள். அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்தை அது தொடாது.

சுவரே நனைந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக்காற்றின் ஈரம், கருவி பலன் தரும். சுவரை ஒட்டிய பக்கம் துளி கட்டினால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது: மொட்டைமாடித் தளத்தையும் குளியலறைக் குழாயையும் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயின்ட். ஈரத்தின் மேல் அடித்தால் உப்பு பூத்து அடுத்த மழைக்குள் உரிந்துவிடும்.