பாரி இணையதளம்: செல்வத்தை உழைப்பவரின் பக்கம் நின்று எழுதும் செய்தி

2006ஆம் ஆண்டு மும்பையில் நடந்த லாக்மே ஆடை அலங்கார வாரத்தைப் பற்றி எழுத 512 செய்தியாளர்கள் அனுமதி பெற்றிருந்தனர் என்றும், அந்த மேடையில் காட்டப்பட்ட பருத்தி ஆடைகளுக்குப் பஞ்சு விளைவிக்கும் மகாராஷ்டிரத்தின் விதர்பா பகுதி உழவர்களின் தற்கொலைகளை எழுத வெளியிலிருந்து வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே என்றும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அவர் 2014 டிசம்பரில் தொடங்கிய ‘பாரி’ (PARI – People's Archive of Rural India) இணையதளம், ஊரக இந்தியாவின் வாழ்வைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் ஆவணப்படுத்துகிறது. விளம்பரமோ சந்தாக் கட்டணமோ இல்லை.

நம் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் செல்வந்தருக்குப் பெயரும் முகமும் இருக்கின்றன; ஏழைகளோ பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருகிறார்கள். 2024 ஜூலையில் அம்பானி குடும்பத் திருமணம் நடந்தபோது விருந்தினரின் உடையும் நகையும் நாள்தோறும் செய்தியாயின; ஒரு குடும்பத்திடம் இவ்வளவு செல்வம் எப்படிச் சேர்கிறது என்ற கேள்விக்கு அந்தச் செய்திகளுக்குள் இடமே இருக்கவில்லை. நெட்வொர்க்18 ஊடக நிறுவனம் 2014இல் அம்பானியின் ரிலையன்ஸ் கைக்கும், என்டிடிவி தொலைக்காட்சி 2022 இறுதியில் அதானி குழுமத்தின் கைக்கும் சென்ற பிறகு, அந்தக் கேள்வியை யார் கேட்பார்கள் என்ற கவலை எனக்கு இன்னும் கூடியிருக்கிறது.

பாரியின் கட்டுரைகளில் உழைப்பவருக்குப் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, அன்றைய கூலி எவ்வளவு என்ற தொகையும் இருக்கிறது. அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டு வாசித்தால் அதிகாரம் தானாகவே கண்ணில் படும்: முன்பணம் கொடுத்த ஒப்பந்தக்காரர், விலையைத் தீர்மானிக்கும் வியாபாரி, கோப்புகளை நகர்த்தாத அலுவலகம். புகைப்படக் கலைஞர் எம். பழனி குமார் ராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகர்ப் பெண்களைப் பற்றிச் செய்த பதிவை இதற்குச் சான்றாகச் சொல்வேன். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிக் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் அவர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளையொட்டி அவர்கள் தொழில் செய்வதற்குள்ள கட்டுப்பாடுகளும், பாசி குறைந்துவருவதும் அந்தப் பெண்களின் வாய்மொழியாகவே வருகின்றன. இரக்கத்தைத் தூண்டுவதற்காக எடுத்த படம் ஒன்றுகூட அதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தொழில் தெரிந்தவர்களின் உடல் லாவகத்தையே கேமரா பின்தொடர்கிறது.

குறைகளும் உண்டு. தமிழ்ப் பக்கத்தில் வருபவற்றுள் மொழிபெயர்ப்புகள் மிகுதி. சிலவற்றில் வாக்கியங்கள் இறுகிக் கிடப்பதால், மராத்தியிலோ ஒடியாவிலோ உயிரோடு பேசிய ஒருவர் தமிழில் அறிக்கை வாசிப்பவரைப்போல் ஆகிவிடுகிறார். அதைவிடப் பெரிய குறையாக நான் கருதுவது வேறு. பல கட்டுரைகள் இடைத்தரகரோடு நின்றுவிடுகின்றன. சரக்கை இறுதியாக வாங்கும் நிறுவனம் எது, அதன் லாபம் எவ்வளவு என்று மேலே ஏறிச் செல்வதில்லை. உழைப்பவரின் கூலியை இவ்வளவு துல்லியமாகக் கேட்டெழுதும் ஓர் ஊடகம் முதலாளியின் கணக்கையும் அதே துல்லியத்தோடு கேட்க வேண்டும்.

அரசு அறிக்கைகளையும் ஆய்வுகளையும் சுருக்கத்தோடு சேர்த்து வைத்திருக்கும் நூலகப் பகுதி இதழியல் மாணவர்களுக்கு மிகவும் பயன்படும். புதிதாக வருபவர்கள் பாரதிநகர்ப் பதிவிலிருந்து தொடங்கலாம். படங்களுக்காகவே அதைக் கைப்பேசியில் அல்லாமல் பெரிய திரையில் பார்ப்பது நல்லது.