மலேரியாத் தடுப்பூசித் தரவு: மைக்ரோஅரேயா, ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தலா?

இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பெருமைதான். ஆனால் மட்டக்களப்பின் வந்தாறுமூலையில் இருந்துகொண்டு மலேரியாத் தடுப்பூசியை ஆராய விரும்பும் மாணவருக்கு, வெளிநாட்டுப் பரிசோதனைகளின் பொதுத் தரவுதான் வழி. மரபணுத் தரவைப் பொதுவில் வைக்கும் ஜியோ (GEO) களஞ்சியத்தில், குருதியில் எந்த மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்ற அளவீடாக அது இரு வகையில் கிடைக்கிறது: மைக்ரோஅரே, ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தல். இறுதியாண்டு ஆய்வுக்கு நான் மைக்ரோஅரேயை எடுத்தேன். தம்பி தங்கைகள் கேட்டால் இன்றும் அதையே சொல்வேன்.

வரிசைப்படுத்தல் மாதிரியில் உள்ள ஆர்.என்.ஏ.வையே வாசிக்கும்; புதியது, அகலமானது. மைக்ரோஅரே, சில்லில் டி.என்.ஏ. துணுக்கு பதித்த மரபணுக்களை மட்டுமே காணும். இதில் விவாதம் இல்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு: மூலக் கோப்பை நம் கையாலேயே சோதிக்க முடிகிறதா என்பது. தடுப்பூசிக்கு முந்திய குருதியை ஒரு நாளும் பிந்தியதை இன்னொரு நாளும் அளந்திருந்தால், நாம் காணும் வேறுபாடு ஊசியுடையதா, இயந்திரத்துடையதா? அஃபிமெட்ரிக்ஸ் நிறுவன மைக்ரோஅரேயின் மூலக் கோப்பான செல் (CEL) கோப்பின் தலைப்பகுதியில் பெரும்பாலும் சில்லை வருடிய தேதியே பதிவாகியிருக்கும். அதை வைத்து மாதிரிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துப் பார்த்துவிடலாம். கோப்பும் சில மெகாபைட்தான். சாதாரண மடிக்கணினியில் ஆர் மென்பொருள் போதும். வரிசைப்படுத்தலிலோ ஒரு மாதிரிக்கே கிகாபைட் கணக்கில் தரவிறக்க வேண்டும். வாசித்த துண்டுகளை ஸ்டார் (STAR) நிரலால் மனித மரபணுத்தொகுதியோடு பொருத்த ஏறக்குறைய 30 கிகாபைட் நினைவகம் தேவை. மரபணுவாரியாக ஏற்கெனவே எண்ணி முடித்த அட்டவணையை எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். எடுக்கலாம்; ஆனால் எந்த மாதிரியை ஏன் நீக்கினார்கள் என்பது அந்த அட்டவணையில் தெரியாது. வாய்மொழித் தேர்வில் அந்தக் கேள்விதான் வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆர்.டி.எஸ்.,எஸ் (RTS,S) என்ற மலேரியாத் தடுப்பூசியின் முக்கியமான ஆய்வுகள் சில மைக்ரோஅரேயில்தான் நடந்தன. பாதுகாப்புப் பெற்றவர்களிடம் இம்யூனோபுரோட்டியாசோம் (நோயெதிர்ப்புக்காகப் புரதங்களைத் துண்டாக்கும் அமைப்பு) மரபணுக்கள் கூடுதலாக வெளிப்பட்டதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. 2017இல் வந்த ஆய்வு இன்னும் சுவையானது. இரு வேறு ஊசி வரிசைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் மலேரியாவிலிருந்து தப்பினார்கள். ஆனால் ஒன்றில் பாதுகாப்பு எதிர்பொருள் அளவோடும், மற்றதில் நோயெதிர்ப்புக்கு உதவும் சிடி4 டி உயிரணுக்களோடும் ஒட்டி நின்றது. ஒரே இலக்குக்கு இரண்டு பாதைகள்! தடுப்பூசியை மேம்படுத்த நினைப்பவருக்கு இதைவிட நல்ல தடயம் வேறென்ன வேண்டும்?

மனிதரை விட்டு மலேரியா ஒட்டுண்ணியின் மரபணுக்கள் பக்கம் போனால் என் சாய்வு செல்லாது. பால்சிப்பாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணியின் வார் (var) மரபணுக்கள், அதாவது நோயெதிர்ப்பிலிருந்து அது தப்ப உதவும் மேற்பரப்புப் புரதங்களுக்கானவை, ஏறக்குறைய 60. ஒட்டுண்ணித் திரிபுக்குத் திரிபு அவை மாறுவதால், முன்பே பதித்த துணுக்குகள் அவற்றைத் தவறவிடும். அங்கே வரிசைப்படுத்தலே வேண்டும். ஸ்டாருக்குப் பதிலாகக் குறைந்த நினைவகத்தில் இயங்கும் கலிஸ்டோ (kallisto) நிரலைச் சில மாதிரிகளில் மட்டுமே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதை நம்பி முழு ஆய்வில் இறங்கலாமா என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை. வரிசைப்படுத்தல் வழியில் போகிறவர்கள், தலைப்பைப் பதிவதற்கு முன்பே பெரிய நினைவகமுள்ள கணினி கிடைக்குமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுவிடுங்கள்.