டேப், காலிப்பர், பட்டை, ஸ்கேன்: தலைக்கோணலை ஒன்பது வருஷம் அளந்த அனுபவம்

குழந்தைகள் பிசியோதெரபிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. "ஒரு பக்கமாவே படுத்துத் தலை சப்பையாயிடுச்சு மேடம்" என்று வருகிறவர்கள்தான் அதிகம். அந்தச் சப்பையை எண்ணாக எழுத நான்கு முறைகளைக் கையாண்டிருக்கிறேன்.

இன்ச் டேப், தலை வளர்கிறதா என்று பார்க்க அவசியம். கோணலுக்கு உதவாது. உருண்டைத் தலையும் ஒரு பக்கம் அமுங்கிய தலையும் அதற்கு ஒரே 42 செ.மீ. தான்.

தினமும் எடுப்பது காலிப்பர், அதாவது இரண்டு முனைகளுக்கு நடுவே தலையை வைத்து நேர்தூரம் அளக்கும் கருவி. மூக்கின் நேர்கோட்டுக்கு இரு பக்கமும் 30 டிகிரி தள்ளி நெற்றியில் புள்ளி வைத்து, எதிர்ப்பக்கப் பின்மண்டை வரை இரண்டு குறுக்களவு எடுப்பேன். புள்ளி வைக்க ஸ்கெட்ச் பேனாவை எடுத்தால் அம்மாக்கள் முகம் மாறும். கண்மை என்றால் அவர்களே டப்பாவை நீட்டுவார்கள். 138 மி.மீ., 126 மி.மீ. என்று வந்தால் வித்தியாசம் 12. அதைப் பெரிய அளவால் வகுத்தால் 8.7 சதவீதம், சின்னதால் வகுத்தால் 9.5. கூத்து என்னவென்றால், இரண்டு விதமாகவும் வகுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எதால் வகுத்தோம் என்று சீட்டில் எழுதாவிட்டால் அந்த எண் வீண். முடி அடர்ந்த தலையில் கொஞ்சம் அழுத்தினாலே 2 மி.மீ. போய்விடும் என்பதால் மூன்று முறை அளந்து சராசரி எடுக்கிறேன். ஒரு குழந்தையை நான் அளக்க ஆரம்பித்தால் கடைசிவரை நானேதான்.

நெதர்லாந்து பிசியோதெரபிஸ்டுகள் கொண்டுவந்த முறையில், வெந்நீரில் இளக்கிய தெர்மோபிளாஸ்டிக் பட்டையைத் தலையைச் சுற்றி வைத்து, மூக்கும் காதுகளும் இருக்கும் இடத்தைக் குறித்து, இறுகியதும் கழற்றிக் காகிதத்தில் வரைய வேண்டும். முதல் மாதப் படத்தையும் நான்காம் மாதப் படத்தையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் யாருக்கும் விளக்கமே வேண்டாம். ஆனால் இறுகும்வரை பிள்ளை அசையாமல் இருக்கணுமே!

முப்பரிமாண கேமரா முன்பு வேலை பார்த்த இடத்தில் இருந்தது. முடி அமுங்கத் துணித் தொப்பி மாட்டினால் நொடியில் படம், தலையின் கன அளவு உட்பட எல்லாம் வரும். அறுவை சிகிச்சைக்கு முன், பின் ஒப்பிட அருமை. மாதாமாதம் பார்க்க அது அதிகம். வேறொரு இடத்தில் எடுத்த ஸ்கேனில் 6 சதவீதம் என்றிருக்க, என் காலிப்பர் 7.5 காட்டியதும் ஒரு அம்மா அழுதுவிட்டார். கோணல் கூடவில்லை, கருவிதான் மாறியிருந்தது.

எந்த முறையானாலும் தலைக்கு நேர் மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துவிடுகிறேன், காதுக்காக. படுக்கையால் வந்த சப்பையில் அந்தப் பக்கக் காது முன்னால் தள்ளியிருக்கும். பின்மண்டைத் தையல், அதாவது மண்டை எலும்புகள் சேருகிற இணைப்பு, முன்கூட்டியே மூடியிருந்தால் காதுக்குப் பின்னால் எலும்பு புடைத்திருக்கும். காலிப்பருக்கு இரண்டும் அதே 12 மி.மீ. சந்தேகம் வந்தால் நியூரோசர்ஜனிடம் அனுப்புவேன். சிடி ஸ்கேன் எடுப்பதா என்பது, கதிர்வீச்சு இருப்பதால், அவர் முடிவு.

ஒருமுறை நான்கு மாதக் குழந்தை, தோணி மாதிரி நீண்ட தலை. டேப்பில் எல்லாம் சரி. காலிப்பரில் அகலம் 105 மி.மீ., நீளம் 150, அதாவது அகலம் நீளத்தில் 70 சதவீதம். வழக்கமாக 75க்கு மேல் இருக்கும். நான் காலிப்பரை மடக்குவதற்குள் பாட்டி சொன்னார்: "எண்ணெய் தேய்க்கிறப்போ உச்சியில வரப்பு மாதிரி கையில தட்டுதும்மா. பிறந்ததுல இருந்தே சொல்றேன்." விரலை வைத்துப் பார்த்தேன். இருந்தது. உச்சித் தையல் முன்கூட்டியே மூடியிருக்குமோ என்று அன்றைக்கே நியூரோசர்ஜனுக்குச் சீட்டு எழுதி அனுப்பினேன்.